குளத்து மீன் என்று நான் சொன்ன மணலை

வாப்பா,

இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்கு நல்ல பெயர் தரும் இடங்களைக் கூட்டியும், தராத இடங்களைக் குறைத்தும் எழுத மாட்டேன். கண்டதைக் கண்டது என்றும் ஊகித்ததை ஊகம் என்றும் பிரித்துச் சொல்வேன். விஞ்ஞானச் செய்முறைக் கொப்பியில் அப்படித்தான் எழுத வேண்டும் என்று எங்கள் டீச்சர் சொல்வார். நீங்கள் வபாத்தாகி, எங்களை விட்டுப் போய், ஐந்து மாதம் ஆகப் போகிறது. உங்களுக்கு எழுதும் கடிதத்திலும் பொய் எழுதினால் நான் வேறு எங்கே உண்மை எழுதுவது?

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அடுத்த வீட்டு ஸ்டெல்லா அன்ரி வேலியோரம் வந்து கூப்பிட்டார். வருகிற கிழமை அவர் இத்தாலிக்குப் போகிறார். அங்கே வேலை செய்யும் கணவரோடு போய் இருக்க விசா கிடைத்துவிட்டது. போன வருடம் மலைப் பயணத்துக்கு எனக்கு இரவல் தந்த நீலச் சுவெட்டரைத் திருப்பிக் கேட்க அவருக்குக் கூச்சம். "துக்க வீட்டில வந்து சாமான் கேக்கிறன் எண்டு நினைக்காதீங்க மகள், அங்க சரியான குளிராம்" என்றார். நாங்கள் அல்லவா திருப்பிக் கொடுக்க மறந்தோம் என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் அலுமாரியைத் திறந்தேன்.

அடித்தட்டில் இருந்தது. பூச்சி உருண்டை மணம்தான் முதலில் அடித்தது. அதற்குக் கீழே உங்கள் வேனின் மணம் இருந்தது. டீசலும், கண்ணாடிக்கு முன்னால் நீங்கள் வைத்திருந்த அத்தர் போத்தலும் சேர்ந்த மணம். உதறி மடிக்கும்போது, இரண்டு சுற்று மடித்துவிட்டிருந்த கைநுனிக்குள் ஏதோ என் விரலில் ஏறியது. மடிப்பைப் பிரித்துப் பார்த்தேன். அரிசிமணி அளவில் ஒரு தூண்டில் முள். அதன் மேல் கபில நிற இறகு, ஒரு மஞ்சள் நூல் சுற்று. நீங்களும் நானும் அன்று மலையில் புல்லில் தேடித் தேடிக் களைத்த, மீனை ஏமாற்றும் அந்தப் பொய்ப் பூச்சி ஏழு மாதமாக எங்கள் அலுமாரிக்குள்ளேயே இருந்திருக்கிறது.

சுவெட்டரைக் கொடுத்துவிட்டேன். பூச்சியைக் கொடுக்கவில்லை. அது இப்போது இந்தக் கொப்பியின் ஓரத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

என் குழப்பம் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். உம்மா வீட்டை விட்டு வெளியே போகாமல் இத்தாவில் இருந்த நாலு மாதமும் பத்து நாளும் பெண்கள் வந்து போய்க்கொண்டே இருந்தார்கள். எத்தாளையிலிருந்து மாமிமார் வந்தார்கள், கற்பிட்டியிலிருந்து உங்கள் பழைய கூட்டாளிகளின் வீட்டார் வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் உம்மா ஒரே கதையைச் சொன்னார். "மகள்ட வாப்பா மலைக்கிப் போயி எனக்கி ஒரு மீன் புடிச்சிட்டு வந்தாரு" என்ற கதை. சொல்லி முடித்ததும் தேத்தண்ணித் தட்டோடு நிற்கும் என்னைத் திரும்பிப் பார்ப்பார். "எவ்வளவு பெருசு எண்டு காட்டு புள்ள" என்பார். நான் தட்டை வைத்துவிட்டு இரண்டு கையாலும் அளவு காட்டுவேன். அவர்கள் "மாஷா அல்லாஹ்" என்பார்கள்.

அந்த மீன் மலை மீன் இல்லை என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். உம்மா உண்மையாகவே நம்புகிறாரா என்பது எனக்குத் தெரியாது. நம்பினால், கணவனை இழந்தவர் நெஞ்சோடு வைத்திருக்கும் கதை ஒன்று பொய், அதற்குச் சாட்சி நான். சொல்லிவிடுவதா, விடுவதா? இதை யாரிடமும் கேட்க முடியவில்லை. உங்களிடம் கேட்கலாம் என்றால் நீங்கள் இல்லை. அதனால் முதலிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் தெளியும் என்று நினைக்கிறேன். இது ஊகம்.

ஒவ்வொரு வருடமும் காற்றுக் காலத்தில் நீங்கள் வேன் ஓட்டிய ஹோட்டலுக்கு வருவாரே, அந்த வயதான வெள்ளைக்காரர், அவரால்தான் எல்லாம் தொடங்கியது. நுவரெலியாவுக்கு அப்பால், தேயிலைத் தோட்டத்துக்குள்ளே ஒரு குளத்தில் ட்ரவுட் மீன் குஞ்சு விட்டு வளர்க்கிறார்கள். அங்கே ஒரு நாள் தூண்டில் போட அவரும் மனைவியும் சீட்டு எடுத்து வைத்திருந்தார்கள். போவதற்கு இரண்டு நாள் முன்னால் அவர் ஹோட்டல் படியில் காலைப் பிசகிக்கொண்டார். சீட்டு அந்த ஒரு நாளுக்குத்தான் செல்லும். வீணாகக் கூடாதென்று தன் தூண்டில் தடியையும் உங்கள் கையில் கொடுத்து, மகளைக் கூட்டிக்கொண்டு போய்வா என்றாராம்.

நீங்கள் அதை வீட்டில் வந்து சொன்னபோது உம்மா சிரித்த சிரிப்பு ஸ்டெல்லா அன்ரி வீட்டுக்குக் கேட்டிருக்கும். "கடல வாசல்ல வெச்சிட்டு மீன் புடிக்க மலைக்கிப் போறாரு. ஊர்ல சொல்லிராதீங்க, வேற மாப்புள பாக்கச் சொல்லுவாங்க" என்றார். நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் போவதில்லை என்று சொல்லவில்லை. கடைசியில் உம்மா, "சரி, போறதே போறீங்க, அந்த மீன்ல ஒண்டு கொண்டாங்க. வெள்ளக்காரன் அவ்வளவு தூரம் போய்ப் புடிக்கிற மீன் எப்புடித்தான் இரிக்கி எண்டு பாப்பம்" என்றார். நீங்கள் "இன்ஷா அல்லாஹ்" என்றீர்கள்.

நான் என்ன செய்தேன் என்பதையும் எழுத வேண்டும். பாடசாலை நூலகத்தில் விலங்கியல் கலைக்களஞ்சியத்தை எடுத்து ட்ரவுட் பற்றிய பக்கத்தைக் கொப்பியில் பிரதி செய்தேன். வகுப்பில் எல்லோருக்கும் சொன்னேன். லீவு முடிந்து படத்தோடு வருகிறேன் என்று விஞ்ஞான டீச்சருக்கும் சொன்னேன். எங்கள் மாம்புரியில் ஒருவரும் கண்டிராத மீனை எங்கள் வாப்பா பிடிக்கப் போகிறார் என்று சொன்னேன். யாரும் கேட்காமலேதான் சொன்னேன்.

ஸுபஹுத் தொழுகைக்கு வெகு முன்னரே புறப்பட்டோம். சிலாபம் தாண்டிக் குருநாகல் போகும் வழியில் ஒரு பள்ளிவாசலில் வேனை நிறுத்தித் தொழுதீர்கள். கண்டிக்கு மேலே ஏற ஏற நான் கொப்பியைப் பார்த்து வாசித்துக்கொண்டே வந்தேன். இந்த மீன் இந்த நாட்டு மீன் இல்லை, வெள்ளைக்காரர் காலத்தில் முட்டையாகக் கப்பலில் கொண்டுவந்து மலை ஆறுகளில் விட்டார்கள் என்று வாசித்தேன். நீங்கள் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே, "அப்ப அதுவும் பாவம், கடல் தாண்டி வந்ததுதான்" என்றீர்கள். இந்த வசனத்தைப் பிறகு நான் பல தடவை நினைத்துப் பார்த்தேன். அதில் ஏதாவது இருந்ததா, சும்மா சொன்னீர்களா என்று இன்னும் தெரியவில்லை.

குளம் நான் நினைத்ததைவிடச் சிறியது. சுற்றிவர தேயிலை. தண்ணீர் கறுப்பாக, ஒரு மணமும் இல்லாமல் இருந்தது. தண்ணீருக்கு மணம் இல்லாதது எனக்கு விசித்திரமாக இருந்தது. எங்கள் ஊரில் கண்ணை மூடிக்கொண்டே சேற்று உப்புநீர்க் களப்பு எந்தப் பக்கம், கடல் எந்தப் பக்கம் என்று சொல்லலாம். குளத்துக் காவல்காரர் தோட்டத்து ஆள். தொப்பியும் ரப்பர் சப்பாத்துமாக வந்தார். சீட்டைப் பார்த்துவிட்டு, உங்கள் காலில் இருந்த செருப்பையும் பார்த்தார். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். சொன்னதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கடல்காரவுங்க கொளத்துக்கு வந்திருக்கீங்களா? நாங்க லீவு கெடைச்சா அங்கிட்டுல்ல வருவோம்" என்றார். ஒரு சீட்டுக்கு இரண்டு மீன் வீட்டுக்குக் கொண்டு போகலாம், அதற்கு மேல் பிடித்தால் திரும்ப விட வேண்டும் என்றார். இதை நான் அப்போதே கொப்பியில் குறித்துக்கொண்டேன். இரண்டு சீட்டுக்கு நாலு மீன்.

பிறகு நீங்கள் தூண்டில் எறிந்தீர்கள். வாப்பா, இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. நீங்கள் வள்ளத்தில் கைத்தூண்டில் போட்டவர். ஈயம் கட்டிய கயிற்றைத் தலைக்கு மேலே மூன்று சுற்றுச் சுற்றி விட்டால் அது தன் பாரத்திலேயே பறந்து போகும். அதே பழக்கத்தில் வெள்ளைக்காரரின் தடியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, நூலைக் கையில் எடுத்துச் சுற்றினீர்கள். இதில் ஈயமே இல்லை. இறகுப் பூச்சிக்கு ஏது பாரம்? நூல் முழுவதும் இடியப்பம் அவித்துக் கொட்டியதுபோல உங்கள் தோளில் விழுந்தது. முள் என் சுவெட்டர் மடிப்பில் ஏறியது அப்போதாகத்தான் இருக்க வேண்டும், நாங்கள் காணவில்லை. காவல்காரர் வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டு வந்து, சிக்கிய நூலை அறுத்தார். "அண்ணே, இதுல கயிறுதான் பாரம். பூச்சி சும்மா கூட வர்றது. தடிய முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டணும், கயிறு தானாப் போவும்" என்று ஆட்டிக் காட்டினார். அறுந்த பூச்சியைப் புல்லில் தேடினோம். கிடைக்கவில்லை. அவர் வேறொன்று கட்டித் தந்தார்.

ஒரு மணித்தியாலத்துக்குள் உங்களுக்குக் கை பிடிபட்டுவிட்டது. நூல் தண்ணீருக்கு மேலே நீளமாகப் போய் ஓசையில்லாமல் இறங்கியது. நான் உங்களை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு நினைவு தெரிய முன்னரே உம்மா கடலுக்குப் பயந்து அழுது, நீங்கள் வள்ளத்தை விட்டு வேனுக்கு வந்துவிட்டீர்கள். நீங்கள் மீன்காரர் என்பது நான் கேள்விப்பட்டதுதான். கண்டதில்லை.

மீன் தூண்டிலைக் கவ்வியபோது தடி வளைந்தது. காவல்காரர் தடியை உயர்த்துங்கள் என்று கத்தினார். நீங்கள் தடியைப் புல்லில் போட்டுவிட்டு நூலை இரண்டு கையாலும் பிடித்தீர்கள். அறுந்துவிடும், மயிர்போல நூல், கையால் இழுக்கக் கூடாது என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். நீங்கள் காது கொடுக்கவில்லை. விரல் நுனியால் கொஞ்சம் விட்டீர்கள், கொஞ்சம் எடுத்தீர்கள். தலையைச் சரித்து எதையோ கேட்பதுபோல நின்றீர்கள். மீன் தண்ணீருக்கு மேலே ஒரு தடவை பாய்ந்தது. நூல் அறவில்லை. கொஞ்ச நேரத்தில் காவல்காரரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்க்கத் தொடங்கினார்.

கரையோரம் வந்ததும் நீங்கள் காற்சட்டையை உருட்டிவிட்டுத் தண்ணீரில் இறங்கி முழங்கால் ஆழத்தில் நின்று அதைக் கையில் ஏந்தினீர்கள். என் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீளம் இருக்கும். பக்கவாட்டில் ரோசா நிறக் கோடு, முதுகில் மிளகு தூவியதுபோலப் புள்ளிகள். கலைக்களஞ்சியத்தில் அந்த ரோசா நிறம் சரியாகவே வரவில்லை. நான் சொப்பிங் பையின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை இரண்டும் பையில் இருந்ததால் படம் எடுக்கவில்லை. பிறகு எடுக்கலாம் என்று நினைத்தேன்.

நீங்கள் முள்ளைக் கழற்றினீர்கள். மீனைத் தண்ணீருக்குள் வைத்தீர்கள். அதன் செவுள் இரண்டு மூன்று தரம் விரிந்து மூடியது. பிறகு கையைத் திறந்தீர்கள்.

அவ்வளவுதான். அது போய்விட்டது.

இங்கேதான் எனக்குத் தெரியாத இடம் தொடங்குகிறது. "வாப்பா" என்று கத்தினேன். நீங்கள் திரும்பாமலே "போகட்டும் மகள்" என்றீர்கள். காவல்காரர் வந்து, ஏன் அண்ணே விட்டீங்க, கொண்டு போகலாமே என்று கேட்டபோது, எங்கள் ஊரில் மீனுக்கா பஞ்சம் என்று சிரித்தீர்கள். ஒரே கேள்விக்கு இரண்டு பதில். இரண்டும் பதில் இல்லை.

விளையாட்டுக்கு உயிரைத் தொடக் கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்தவரே நீங்கள்தான். கடற்கரையில் நான் நண்டைக் குச்சியால் புரட்டியபோது, "பசிச்சாப் புடி, பசிக்காட்டி வுடு" என்றீர்கள். அது சரியென்றால், பிடித்தது ஏன்? பிடித்தது சரியென்றால், விட்டது ஏன்? நான் அந்த இரண்டையும் அருகருகே வைத்து எத்தனை தடவை பார்த்தாலும் ஒட்டவில்லை.

இனி எழுதப் போவதை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் வெட்டினேன். நாலாவது தடவை வெட்டமாட்டேன்.

நான் பையைக் கீழே போட்டுவிட்டு, காவல்காரருக்குக் கேட்கும்படியாகவே, "ஒங்களுக்கு மீன் புடிக்கத் தெரியும் எண்டா நீங்க ஏன் வேன் ஓட்டுறீங்க?" என்றேன்.

நீங்கள் தண்ணீரிலிருந்து ஏறி வந்து, உருட்டிய காற்சட்டையை ஒவ்வொரு காலாக இறக்கிவிட்டீர்கள். "அதுவும் சரிதான்" என்றீர்கள்.

அடித்திருந்தால் நான் அழுதிருப்பேன். ஏசியிருந்தால் நானும் ஏதாவது ஏசியிருப்பேன். "அதுவும் சரிதான்" என்றதும் தடியை எடுத்துக்கொண்டு மறுகரைக்குப் போனேன். நானே ஒன்று பிடித்துக் காட்டுகிறேன் என்று எறிந்தேன், எறிந்துகொண்டே இருந்தேன். நீங்கள் தூரத்திலிருந்து கையை இப்படி வை, அப்படி வை என்று காட்டினீர்கள். காணாததுபோல நின்றேன். மூடுபனி இறங்கித் தண்ணீர் மறைந்தது. லுஹர் தொழுகை நேரம் தாண்டியதும் காவல்காரர் வந்து நேரமாகிவிட்டது என்றார். நாலு மீனுக்குச் சீட்டு வைத்திருந்தவர்கள் வெறும் பையோடு திரும்பினோம்.

குளத்திலிருந்து வீடு வரை நான் உங்களோடு ஒரு சொல் பேசவில்லை. கண்டியில் ரோல்ஸ் வாங்கித் தந்தீர்கள். வாங்கித் தின்றேன், ஆனால் பேசவில்லை. குருநாகலில் ரேடியோவை எனக்குப் பிடித்த இடத்துக்குத் திருப்பிவிட்டீர்கள். நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். சிலாபத்துக்குக் கிட்ட, வெளிச்சம் குறைந்துகொண்டு வரும்போது, "பசிச்சா புடிச்சோம்?" என்று மெதுவாகச் சொன்னீர்கள். என்னிடம் சொன்னீர்களா, ரோட்டிடம் சொன்னீர்களா தெரியாது. அதற்கு நான் ஏதாவது பதில் சொல்லியிருந்தால் நீங்கள் மிச்சத்தையும் சொல்லியிருப்பீர்களோ என்று இப்போது நினைக்கிறேன். இது ஊகம். ஆனால் என்னை அதிகம் வருத்தும் ஊகம் இதுதான்.

சிலாபம் தாண்டி முந்தலில் ரோட்டோரம் மீன் விற்பவரிடம் வேனை நிறுத்தினீர்கள். பலகையில் பாரை இருந்தது, விளமீன் இருந்தது, களப்பில் பிடிக்கும் மணலை மீனும் இருந்தது. நீங்கள் ஒவ்வொன்றாகச் சாணால் அளந்தீர்கள். எதை அளக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிந்தது. அந்த மீனின் அளவில் ஒரு மணலை இருந்தது. வயிறு கீற வேண்டாம், அப்படியே தாருங்கள் என்று வாங்கினீர்கள். அதை மலைவரை போய்த் திரும்பிய அதே பையில் போட்டு என் மடியில் வைத்தீர்கள். "உம்மாக்கு வெறுங்கையோட போக ஏலாது மகள்" என்றீர்கள். எனக்காகவும்தான் வாங்கினீர்கள் என்று அப்போதே தெரியும். வகுப்பில் நான் சொல்லி வைத்தது உங்களுக்குத் தெரியும்.

வீட்டு வாசலில் உம்மா பையை வாங்கித் திறந்து பார்த்தார். "இதா அந்தக் குளத்து மீன்?" என்று கேட்டார்.

நான் முந்திக்கொண்டு, "ஓம் உம்மா, குளத்து மீன்தான்" என்றேன். ஆறு மணித்தியாலத்துக்குப் பிறகு என் வாயிலிருந்து வந்த முதல் வசனம் அது.

உம்மா பாதியைப் பொரித்து, பாதியைத் தேங்காய்ப் பாலில் பாலாணம் வைத்தார். மூவரும் உட்கார்ந்து தின்றோம். மலை மீனுக்கு இவ்வளவு கொழுப்பா என்று உம்மா கேட்டார். உங்களுக்குப் புரையேறியது. நான் தண்ணீர் எடுத்துத் தந்தேன். அதோடு எங்களுக்குள் இருந்த கோபம் முடிந்ததா, மூடிக்கொண்டதா என்று தெரியாமலே நாட்கள் போயின. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்தேன். வெள்ளைக்காரரின் தடியைத் திருப்பிக் கொடுத்தீர்கள். நான் பாடசாலையில், படம் சரியாக வரவில்லை என்று சொன்னேன். இரண்டு மாதம் கழித்து ஒரு மாலையில், ஹோட்டல் வாசலில், வேனுக்குள் ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி உங்களைக் கண்டார்கள். தூங்குகிறீர்கள் என்று நினைத்து இரண்டு பேர் கடந்து போனார்களாம்.

இதுவரை எழுதிவிட்டுக் கொப்பியை மூடினேன். எழுதியதை மறுபடி வாசித்தபோது ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. நான் யாருக்கு எதைச் சொல்ல வேண்டும் என்பதை உங்களிடம் கேட்டுக்கொண்டிருப்பதே ஒரு தப்பித்தல். உம்மா சமையலறையில் இருந்தார். பூச்சியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு போனேன்.

உம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அன்றைக்கு வாப்பா பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட்டார், நாங்கள் கொண்டு வந்தது முந்தலில் வாங்கிய மணலை, நான் பொய் சொன்னேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். உம்மா துருவுவதை நிறுத்தவில்லை.

"எனக்கி மணல தெரியாதா புள்ள?" என்றார். "வயித்தக் கீறினாக் களப்புச் சேறு. மலையில ஏது களப்பு?"

என் வாய் திறந்தபடி இருந்திருக்க வேண்டும். உம்மா என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். அப்படியென்றால் வந்தவர்களுக்கெல்லாம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நான் என்ன பொய் சொன்னேன்? மலைக்கிப் போனாரு. மீன் புடிச்சாரு. மீன் கொண்டு வந்தாரு. புடிச்சதும் கொண்டு வந்ததும் ஒரே மீனா எண்டு ஒருத்தியும் கேக்கல்லயே."

வாப்பா, உம்மா வழக்கறிஞராகியிருக்க வேண்டியவர்.

பிறகு உம்மா தேங்காய்ப் பாதியைக் கீழே வைத்தார். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ரெண்டு பேரும் மூஞ்சத் தூக்கிட்டுத்தான் வேன்ல இருந்து இறங்கின. என்னமோ நடந்திரிக்கி எண்டு எனக்கி வெளங்கிட்டு. நான் கேட்டதும் நீ ஓம் எண்டாய். அந்த நேரம் நீ என்னயப் பாத்த, ஒங்கட வாப்பாட முகத்தப் பாக்கல்ல. நான் பாத்தேன். அதுக்குத்தான் அந்த மீன ஒண்டும் கேக்காம ஆக்கின."

முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"எப்புடி எண்டா? காணாமப் போன சாமான் கெடச்ச மாதிரி."

நான் குளத்தங்கரையில் சொன்னதையும் சொன்னேன். வேன் ஓட்டுறீங்க என்று சொன்னதை. அது உம்மாவுக்குத் தெரிந்திருக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. நீங்கள் அதை மட்டும் சொல்லவில்லை. மீனை விட்டதை அடுத்த நாளே உம்மாவிடம் சொல்லிவிட்டீர்களாம். என் வார்த்தையை உங்களோடு கொண்டு போய்விட்டீர்கள்.

"கடல வுடச் சொன்னது நான்" என்றார் உம்மா. "அந்தக் கதய என்னயக் கேட்டிரிக்கணும்." அவ்வளவுதான் சொன்னார். என்னை ஏசவில்லை.

அப்போது எனக்கு மிச்சமிருந்த ஒரே கேள்வியைக் கேட்டேன். ஏன் விட்டீர்கள் என்று நீங்கள் உம்மாவிடமாவது சொன்னீர்களா?

"கேட்டேன். சிரிச்சாரு."

"எப்புடிச் சிரிச்சாரு?"

"வாயாலதான்" என்றுவிட்டு உம்மா துருவலையைத் திரும்ப எடுத்தார்.

ஆக, வாப்பா, எழுதினால் தெளியும் என்ற ஊகம் பிழை. உம்மா அந்தக் கதையை இனியும் சொல்வார் என்று நினைக்கிறேன். கை காட்டச் சொன்னால் காட்டுவேன். அளவு பிழையில்லை. இரண்டு மீனும் ஒரே நீளம், நீங்களே சாணால் அளந்தீர்கள். ஆனால் நீங்கள் ஏன் கையைத் திறந்தீர்கள் என்பது எனக்கு இன்னும் தெரியாது. பசி இல்லாததாலா? அது கடல் தாண்டி வந்த மீன் என்பதாலா? பிடிக்க முடியும் என்று உங்களுக்கே தெரிந்தது போதும் என்பதாலா? அல்லது நான் பார்த்துவிட்டேன், அது போதும் என்பதாலா? கடைசியில் சொன்னது உண்மையாக இருந்தால், நான் குளத்தங்கரையில் சொன்ன வசனம் இன்னும் பாரமாகிறது. அதனால் அதுதான் உண்மை என்று நான் அவசரப்பட்டு முடிவு கட்டமாட்டேன். அது பொய் என்றும் முடிவு கட்டமாட்டேன்.

தடியைக் கீழே போட்டுவிட்டு நூலைக் கையில் எடுத்த உங்கள் விரல்கள்தான் என்னிடம் இருக்கின்றன. கொஞ்சம் விட்டு, கொஞ்சம் எடுத்து, தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டு நின்றது. படம் இல்லாததால் எனக்கு அதை மறக்க முடியாது. யாராவது பேசாமல் இருக்கும்போது அவர்களிடம் அப்படி நிற்கப் பழக வேண்டும் என்று நினைக்கிறேன். முந்தல் வரை நீங்கள் என்னிடம் அப்படித்தான் நின்றீர்கள் என்று, இப்போது, இந்த வரியை எழுதும்போதுதான் தோன்றுகிறது.

மன்னித்துக்கொள்ளுங்கள் வாப்பா. நாளைக்கு என்று இருந்தது இதுதான்.

பூச்சியை ஆங்கில அகராதியின் பின்னட்டைத் துணியில் குத்தி வைத்திருக்கிறேன், முள் யாருக்கும் ஏறாதபடி. உம்மா இஷாத் தொழுதுவிட்டு வந்து, போதும் புள்ள, கண் கெட்டுப் போகும் என்கிறார். சமையலறை லைட்டை அணைத்துவிட்டார். முன் அறை லைட்டையும் அணைத்துவிட்டார். இப்போது என் கதவடியில் வந்து சுவிட்சில் கை வைத்துக்கொண்டு, நான் முற்றுப்புள்ளி வைக்கும்வரை பார்த்து நிற்கிறார். இதோ, வைக்கிறேன்.